நடுவில் தொடங்கிய படம்

2009-ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. மாலையில் போன மின்சாரம் ஒன்பதரை மணிக்கு மேல்தான் வந்தது. உறங்கிய குழந்தை விழித்துவிடக் கூடாதென்று தொலைக்காட்சியின் ஒலியை அறவே குறைத்துவிட்டு, செய்தியின் ஓடுவரிகளையாவது படிக்கலாமென்று அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தோம். இடையில் எங்கோ ஓரிடத்தில் கை நின்றது. திரையில் ஒரு சிறுவன், எட்டு வயதிருக்கலாம். முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் தாயிடம் எதையோ சொல்கிறான். அவள் நிமிராமல் பதில் சொல்கிறாள். அவன் மறுபடியும் அதையே சொல்கிறான். அவள் மறுபடியும் அதே பதிலைச் சொல்கிறாள். மொழி இன்னதென்று விளங்கவில்லை. அரபியாயிருக்கும் என்று முதலில் எண்ணினோம். கீழே ஆங்கிலத்தில் சப்டைட்டில் ஓடியது. நண்பனின் நோட்டு தவறுதலாகத் தன் பையில் வந்துவிட்டது, அதைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்கிறான் சிறுவன். முதலில் வீட்டுப்பாடத்தை முடி, பிறகு விளையாடலாம் என்கிறாள் தாய். விளையாடுவதற்கன்று, நோட்டைக் கொடுப்பதற்கு என்கிறான். வீட்டுப்பாடத்தை முடி என்கிறாள். நடுவில் தொட்டில் குழந்தை அழுகிறது. அதை ஆட்டச் சொல்கிறாள். ரொட்டி வாங்கி வரச் சொல்கிறாள். இவ்வளவுதான் காட்சி. நாங்கள் செய்தியை மறந்தோம்.

எதனால் மறந்தோம் என்பதைப் பின்னாளில் பலமுறை யோசித்ததுண்டு. அதில் எவரும் கத்தவில்லை, இசை இல்லை, அழுகை இல்லை. அந்தத் தாய் கொடியவளும் அல்லள். அவன் சொல்லும் சொல் அவள் காதில் விழத்தான் செய்கிறது; பொருள்தான் போய்ச் சேரவில்லை. பிள்ளை எது சொன்னாலும் அது வேலைக்குச் சோம்பி விளையாடப் போவதற்கான சாக்கு என்று அவள் முன்னமே முடிவு கட்டியிருக்கிறாள். எங்கள் இருவருக்கும் பிழைப்பு வகுப்பறைதான். ஒருவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. மற்றவர் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். முன்முடிவோடு கேட்கும் காது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ரொட்டி வாங்கப் போகிறவன் போலப் புறப்பட்டு, சிறுவன் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். நண்பன் இருப்பது அடுத்த ஊர். வீடு எதுவென்று தெரியாது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு குன்று. அதன்மேல் கோணல்மாணலாக வளைந்து வளைந்து ஏறும் ஒரு பாதை. உச்சியில் தனித்து நிற்கும் ஒரு மரம். சிறிய உருவம் ஒன்று அந்தப் பாதையில் ஏறி ஓடுவதைத் தொலைவிலிருந்து காட்டுகிறார்கள். அடுத்த ஊரின் சந்துகளில் அவன் அலைகிறான். கொடியில் உலரும் ஒரு காற்சட்டை நண்பனுடையது போலிருக்கிறது, அன்று. நண்பனின் குடும்பப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தப் பெயரில் அங்கே பல வீடுகள். அவர்கள் சற்றுமுன்தான் உன் ஊருக்குப் போனார்கள் என்கிறார் ஒருவர். வந்த வழியே திரும்ப ஓடுகிறான்.

அவன் ஊர்த் திண்ணையில் பாட்டனார் அமர்ந்திருக்கிறார். பையனை நிறுத்தி, வீட்டிலிருந்து சிகரெட் எடுத்து வரச் சொல்கிறார். அவன் போனபின் அருகிலிருந்தவர் தம்மிடம் உள்ள சிகரெட்டை நீட்டுகிறார். என்னிடமும் இருக்கிறது என்கிறார் பாட்டனார். பையனுக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுக்கவே அனுப்பினேன் என்கிறார். தம் சிறுவயதைச் சொல்கிறார். அவருடைய தந்தை வாரம் ஒரு காசு கொடுப்பாராம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடி கொடுப்பாராம். காசை மறந்த வாரங்கள் உண்டாம். அடியை மறந்ததே இல்லையாம். பையன் தவறே செய்யாவிட்டால் என்ன செய்வீர் என்று கேட்கிறார் மற்றவர். ஏதாவது ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அடிப்பேன் என்று, ஐயமே இல்லாத குரலில் விடை வருகிறது. நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்தபின் அந்த விடை சிரிப்புக்குரியதாகத் தோன்றவில்லை.

இரும்புக் கதவு விற்கும் ஒருவர் வருகிறார். எழுதுவதற்குத் தாள் வேண்டுமென்று சிறுவனின் கையிலிருந்த நோட்டைக் கேட்கிறார். இது என்னுடையதன்று, கிழிக்காதீர்கள் என்று அவன் மன்றாடுகிறான். பெரியவர்கள் தாளைக் கிழித்துக்கொள்கிறார்கள். கதவு விற்பவரின் பெயரும் நண்பனின் குடும்பப் பெயரும் ஒன்று. எனவே அவர் ஏறிச் செல்லும் கழுதையின் பின்னால் மறுபடியும் குன்றேறி ஓடுகிறான். அங்கும் ஏமாற்றம். இதற்குள் இருட்டிவிட்டது. மரக் கதவுகளும் பலகணிகளும் செய்து வாழ்ந்த முதியவர் ஒருவர் அவனுக்கு வழிகாட்ட வருகிறார். இப்போது எல்லோரும் தாம் செய்த கதவுகளைக் கழற்றிவிட்டு இரும்புக் கதவு வைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே மெல்ல மெல்ல நடக்கிறார். பலகணிகளின் ஒளி இருண்ட சந்தின் சுவர்களில் கோலம்போல விழுகிறது. இந்தப் படத்தில் சிறுவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டவர் இந்த ஒருவர்தான். ஆனால் அவரால் விரைந்து நடக்க முடியாது. வழியில் ஒரு பூவைக் கொடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கடைசியில் நோட்டு உரியவனிடம் சேரவில்லை. அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, கொடுத்துவிட்டவன் போலச் சிறுவன் திரும்புகிறான். கிழவரிடம் உண்மையைச் சொல்வதில்லை. இவ்வளவு நடந்தவரை வருந்த வைப்பானேன் என்று எண்ணினானோ என்னவோ.

வீட்டில் சாப்பிட மறுக்கிறான். தந்தை வானொலியைத் திருகிக்கொண்டிருக்கிறார். தனியறையில் அவன் எழுத உட்காருகிறான். காற்று கதவைத் தள்ளித் திறக்கிறது. வெளியே தாய் படபடக்கும் துணிகளைக் கொடியிலிருந்து எடுக்கிறாள். மறுநாள் வகுப்பு. நண்பன் நடுங்கியபடி அமர்ந்திருக்கிறான். ஆசிரியர் ஒவ்வொரு நோட்டாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். நம் சிறுவன் தாமதமாக வந்து, உனக்கும் நானே எழுதிவிட்டேன் என்று சொல்லி நண்பனிடம் நோட்டைத் தள்ளுகிறான். ஆசிரியர் பக்கத்தைப் புரட்டுகிறார். அந்தப் பூ அங்கே இருக்கிறது. நன்று என்கிறார். படம் முடிந்துவிட்டது.

எழுத்துக்கள் ஓடத் தொடங்கியபோதுதான் அது பாரசீகம் என்பது எங்களுக்கு உறைத்தது. படத்தின் பெயரை அறியும் முன் விளம்பரம் வந்துவிட்டது.

அன்றிரவு எங்களுக்குள் ஒரு சச்சரவு. அந்தத் தாயைப்போல் ஒரு செவிடு உண்டா என்று ஒருவர் சொல்ல, மற்றவர் பிடித்துக்கொண்டார். துவைக்க அத்தனை துணி, தொட்டிலில் கைக்குழந்தை, அடுப்பில் சமையல், இராத்திரி காற்றடித்தாலும் கொடித்துணியை எடுக்க அவளேதான் வர வேண்டும். தந்தையோ வானொலி கேட்கிறார். அவளைக் குறை சொல்லும் உரிமை வானொலி கேட்பவர்களுக்கு இல்லை என்றார். இந்த வீட்டில் அப்போது வானொலியின் இடத்தில் ரிமோட் இருந்தது. வாதம் அத்துடன் நின்றது. ஆனால் அவர் சொன்னது சரியென்றே இப்போதும் தோன்றுகிறது. இந்தப் படத்தில் பிள்ளைக்குச் செவிசாய்க்காதவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டோ, விற்றுக்கொண்டோ, காத்துக்கொண்டோ இருப்பவர்கள். கொடுமைக்காரன் என்று சுட்ட ஒருவனும் இல்லாததால்தான் அந்தக் காது கேளாமை அவ்வளவு கனக்கிறது.

திரைப்படங்களை ஊன்றிப் பார்க்கும் நண்பரிடம் சில நாள் கழித்து, குன்றின்மேல் வளைந்த பாதை, நோட்டோடு ஓடும் சிறுவன் என்று தொடங்கினோம். வாக்கியம் முடியுமுன் பெயரைச் சொல்லிவிட்டார்: 'நண்பனின் வீடு எங்கே?', 1987, அப்பாஸ் கியாரோஸ்தமி. அதன்பின் தகவல்கள் வந்து குவிந்தன. கவிஞர் சோஹ்ராப் செபேஹ்ரியின் கவிதை ஒன்றிலிருந்து வந்த தலைப்பு. வட ஈரானின் கீலான் மாகாணத்துக் கோகர், போஷ்தே என்னும் சிற்றூர்கள். ஓடுகிற அகமதுவாகவும் அழுகிற நெமத்ஸாதேயாகவும் நடித்தவர்கள் உண்மையில் உடன்பிறந்தவர்கள். குழந்தைகளுக்காக நிறுவப்பட்ட 'கானூன்' என்னும் அமைப்பின் தயாரிப்பு. அங்குதான் கியாரோஸ்தமி 1970-இல் தம் முதல் குறும்படத்தை எடுத்தார். 1990 ஜூனில் அப்பகுதியைப் பூகம்பம் சிதைத்தது, பல்லாயிரவர் மாண்டனர். அந்தச் சிறுவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று ஓர் இயக்குநர் காரில் தேடிச் செல்வதே 1992-இல் வந்த 'வாழ்வு தொடர்கிறது' படத்தின் கதை. அவர்களைக் கண்டதாக அந்தப் படம் காட்டுவதில்லை. 1994-இல் வந்த 'ஆலிவ் மரங்களின் ஊடே' படத்தில் இருவரும் வளர்ந்த பிள்ளைகளாக வந்து நிற்கும்போது பார்ப்பவருக்கு நிம்மதிப் பெருமூச்சு வருகிறது.

இவையெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் அந்த ஞாயிறு இரவு நாங்கள் எதைக் கண்டிருப்போம் என்ற ஐயம் எங்களுக்கு உண்டு. கியாரோஸ்தமி 2016 ஜூலையில் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் பலவும், 1997-இல் 'செர்ரியின் சுவை' படத்துக்காகக் கான் விழாவில் அவர் பெற்ற தங்கப்பனை விருதையே முன்னிறுத்தின. விருதை அறிந்து பார்த்திருந்தால் நாங்கள் வணங்கியிருப்போம். அந்தத் தாயைப் பற்றிச் சண்டை போட்டிருக்க மாட்டோம். இலக்கியம் கற்பிக்கும் எங்கள் தொழிலில் முதல் அரைமணி நேரம் ஆசிரியர் பெயர், காலம், பெற்ற சிறப்பு, இயற்றிய பிற நூல்கள் ஆகியவற்றிலேயே போய்விடுகிறது. நூலுக்குள் மாணவர் நுழையும்போது அது உயர்ந்தது என்பது ஏற்கெனவே தீர்மானமாகிவிட்ட செய்தி. அவருக்கு மிஞ்சுவது ஒப்புக்கொள்வது மட்டுமே. இன்றோ கைப்பேசியே நம் விருப்பத்தை அளந்து, நமக்குப் பிடித்ததைப் போன்ற இன்னொன்றை எடுத்து நீட்டுகிறது. செய்தி தேடியவர் முன்னே பாரசீகச் சிறுவன் வந்து நிற்கும் விபத்துக்கு அங்கே இடம் குறைவு.

இந்தக் கருத்தோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் நல்ல ரசிகர்களாக இந்தக் கட்டுரையிலிருந்து வெளியேறியிருக்கலாம். ஆனால் படம் பார்த்து மூன்று மாதம் கழித்து ஒன்று நடந்தது. நடந்த இடம் கல்லூரி. செய்தவர் எங்களில் ஒருவர். இருவருமாக எழுதுவதால் இருவரும் செய்ததாகவே இருக்கட்டும். பள்ளியில் இருப்பவரிடமும் இத்தகைய கணக்குகள் உண்டென்று அவரே ஒப்புகிறார்.

இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர். இரண்டு பேருந்து மாறி வருபவர். அசைன்மென்ட் ஒப்படைக்கும் நாளில், பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதிய ஒன்பது தாள்களை நூலால் கட்டிக் கொண்டுவந்தார். நோட்டில்தான் எழுத வேண்டும் என்பது நாங்கள் வகுத்த விதி. தாள்களை வாங்க மறுத்தோம், படித்தும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நோட்டில் எழுதி வரச் சொன்னோம். வெள்ளிக்கிழமை நோட்டு வந்தது. முதல் நான்கு பக்கம் ஒரு கையெழுத்து. ஐந்தாம் பக்கம் முதல் வலப்புறம் சாய்ந்த வேறொரு கையெழுத்து. யார் எழுதியது என்று வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி வினவினோம். அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டதைக் கண்டோம். ஐந்துக்குச் சுழியம் போட்டோம். ஒழுக்கத்தைக் காத்துவிட்ட திருப்தியோடு மாலையில் வீடு திரும்பினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. நண்பனுக்காக வீட்டுப்பாடம் எழுதிய அகமதுவைக் கண்டு கண்கலங்கிய அதே ஆட்கள்தாம். அந்த நினைவு அன்று எங்களுக்கு வரவேயில்லை.

கோடை விடுமுறையில் நண்பர் அந்தப் படத்தின் டிவிடியைக் கொடுத்தார். அப்போதுதான் நாங்கள் தவறவிட்ட தொடக்கத்தைக் கண்டோம். ஒரு மூடிய கதவு. உள்ளே பிள்ளைகளின் இரைச்சல். ஆசிரியர் தாமதமாக வருகிறார்; சற்று நேரம் நான் இல்லாவிட்டால் இப்படியா என்று கடிகிறார். வீட்டுப்பாடத்தைப் பார்வையிடுகிறார். நெமத்ஸாதே நோட்டை உறவினர் வீட்டில் விட்டுவிட்டதால் தனித்தாளில் எழுதி வந்திருக்கிறான். ஆசிரியர் அந்தத் தாளைக் கிழிக்கிறார். நோட்டில்தான் எழுத வேண்டும் என்று எத்தனை முறை சொன்னேன் என்கிறார். மறுபடியும் நடந்தால் பள்ளியை விட்டு நீக்கிவிடுவேன் என்கிறார். சிறுவன் விம்மி விம்மி அழுகிறான். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அகமதுவின் பெரிய கண்கள் அதைப் பார்க்கின்றன.

படத்தை நிறுத்தினோம். நடுவில் நுழைந்த எங்களுக்கு அந்த ஆசிரியர் கடைசியில் நன்று என்று சொல்லும் சாதுவான மனிதராக மட்டுமே தெரிந்திருந்தார். அந்தப் பிள்ளை எதற்காக அவ்வளவு ஓடினான் என்பது இப்போதுதான் தெரிந்தது. நட்பு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். நட்புத்தான், ஆனால் அதை ஓட வைத்தது அச்சம்.

கியாரோஸ்தமியே 1989-இல் 'வீட்டுப்பாடம்' என்றோர் ஆவணப்படம் எடுத்தார். தம் மகனின் வீட்டுப்பாடத்தோடு பட்ட பாடுதான் தூண்டுதல் என்று அதில் சொல்கிறார். தெஹ்ரான் பள்ளி ஒன்றின் சிறுவர்களை ஒவ்வொருவராகக் கேமராவின் முன் நிறுத்திக் கேள்வி கேட்கிறார். தண்டனை என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுகிறார்கள். பெல்ட்டால் அடிப்பது என்கிறார்கள். பாராட்டி ஊக்குவித்தல் என்ற சொல்லுக்குப் பலருக்குப் பொருளே தெரியவில்லை. ஒரு சிறுவன், தோழன் உடன் இல்லாமல் நிற்கவே அஞ்சித் தேம்பித் தேம்பி அழுகிறான். ஈரானியப் படம் என்றாலே குழந்தைகளின் வெள்ளையுள்ளம், இனிமை என்று நம்மவர்கள் எழுதுவதைக் காணும்போதெல்லாம் இந்தப் படத்தைப் பார்த்தபின் எழுதுங்கள் என்று சொல்லத் தோன்றும்.

நன்னூலின் பாயிரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். நல்லாசிரியனுக்குப் பவணந்தியார் சொல்லும் உவமைகள் நான்கு: நிலம், மலை, துலாக்கோல், மலர். நல்ல காரியங்களுக்கு இன்றியமையாதது, யாவரும் மகிழ்ந்து ஏற்பது, மென்மையானது, பொழுதறிந்து முகம் விரிவது என்று மலருக்கு விளக்கம். ஆசிரியராகத் தகாதவருக்கு மடற்பனை முதலானவற்றைச் சொல்வார். தானாக உதிர்த்தால் உண்டு, நெருங்கிப் பறிக்க வழியில்லை என்பது மடற்பனைக்குப் பொருள். சுழியம் வாங்கிய அந்த மாணவருக்கும் இதை நாங்கள்தாம் நடத்தினோம். தேர்வில் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் விசாரித்தோம். அந்த வாரம் அவர் இரவில் ஒரு பரோட்டாக் கடையில் வேலை பார்த்திருக்கிறார். நான்கு பக்கம் எழுதியதும் நேரமில்லாமல் போயிருக்கிறது. மூன்றாம் வரிசைப் பையன் எழுதிக் கொடுத்தது வேறொன்றுமில்லை. நாங்கள் வாங்க மறுத்த அந்த ஒன்பது தாள்களைப் பார்த்துப் படியெடுத்திருக்கிறான். உள்ளிருந்ததெல்லாம் அவருடைய சொந்த எழுத்து. அகமது செய்ததைவிடவும் குற்றம் குறைந்த காரியம். அகமதிப்பீட்டுப் பட்டியல் அதற்குள் பல்கலைக்கழகம் போய்விட்டது. அவரை அழைத்து வருத்தம் தெரிவித்தோம். பரவாயில்லை ஐயா என்றார். அவர் தேர்ச்சி பெற்றுவிட்டார். ஐந்து மதிப்பெண்ணில் எவர் வாழ்வும் கெட்டுவிடாது. ஆனால் முதலாண்டில் எழுந்து எழுந்து கேள்வி கேட்டவர், கடைசி ஆண்டு முழுவதும் எங்களை ஒன்றுமே கேட்கவில்லை.

அதன்பின் எழுதிய தாளை வாங்க மறுப்பதில்லை. ஒவ்வோராண்டும் ஒரு வகுப்பை இந்தப் படத்துக்கு ஒதுக்குகிறோம். பெயர் சொல்வதில்லை, நாடு சொல்வதில்லை. துணி துவைக்கும் தாயிலிருந்து தொடங்கிப் பூவில் முடிக்கிறோம். மூடிய கதவும் கிழிந்த தாளும் மறுநாள்தான். சலிப்பவர்கள் சலிக்கட்டும், சிலர் உறங்கியும் விடுகிறார்கள், அதற்கும் இடமுண்டு.

சென்ற ஆண்டு, முதல் நாளே, ஒரு மாணவி எழுந்தார். இரண்டு நோட்டிலும் ஒரே கையெழுத்து. சற்று முன் பின்னாக இரண்டையும் பார்க்கிறார். அந்த வாத்தியாருக்கு அது தெரியாமலா ஐயா இருந்திருக்கும் என்று கேட்டார்.

கடைசிக் காட்சியை மீண்டும் ஓட்டினோம். ஆசிரியர் பக்கத்தைப் புரட்டுகிறார், பூ இருக்கிறது, நன்று என்கிறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்கள். மணி அடித்துவிட்டது.